ரத்தக் கொழுப்பும் எலிக் குடலில் வரும் கட்டியும்: எது முந்தி?

கேள்வி, பிப்ரவரி 2

ரசாயனம் செலுத்திப் பெருங்குடல் புற்றுநோய் வரவழைத்த எலிகளுக்குக் கொலஸ்ட்ராலும் ட்ரைகிளிசரைடும் தாறுமாறாக இருந்ததாக ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். அப்படியென்றால் ரத்தக் கொழுப்பைக் கட்டுக்குள் வைத்தால் இந்தப் புற்றுநோயைத் தடுக்கலாம் என்றுதானே அர்த்தம்? இதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை?

பிப்ரவரி 3

அந்த அர்த்தம் வராது. எலியை அறுத்த நாளில் எடுத்த ரத்தம் அது. அன்றைக்குக் கொழுப்பு ஏறியிருந்தால் மூன்று விதமாக நடந்திருக்கலாம். கொழுப்பு முன்பே ஏறி, கட்டி வளர இடம் கொடுத்திருக்கலாம். கட்டி வளர்ந்து, அதனால் கொழுப்பு ஏறியிருக்கலாம். செலுத்திய ரசாயனமே கல்லீரலைக் கெடுத்து ரத்தக் கொழுப்பைக் கலைத்துவிட்டு, குடலில் தன் வேலையைத் தனியாகச் செய்திருக்கலாம். கடைசி நாள் ரத்தத்தை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் பிரிக்க வழியே இல்லை.

நான் சில ஆண்டுகள் இந்த எலிகளோடு வேலை பார்த்தவன். ஆய்வாளன் இல்லை, ஆய்வக உதவியாளன். ஊசி போடுவது, எடை பார்ப்பது, ரத்தம் எடுப்பது, குடலை விரித்து எண்ணுவது எல்லாம் என் வேலை. கட்டுரையின் கடைசிப் பக்கத்து அட்டவணையில் சீரம் லிப்பிட், அதாவது ரத்தத் தெளிநீரின் கொழுப்பு அளவு என்று நாலு வரி வரும் அல்லவா, அந்த நாலு வரி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு சந்தேகம்.

பிப்ரவரி 3, இரவு

"குடலில் புற்றுநோய் தரும் ரசாயனத்துக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நிறையச் சம்பந்தம். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

இந்த ஆய்வுகளில் வழக்கமாகக் கையாளும் ரசாயனங்கள் இரண்டு. ஒன்று 1,2-டைமீத்தைல்ஹைட்ரசின், சுருக்கமாக டிஎம்ஹெச். மற்றது அசாக்ஸிமீத்தேன், ஏஓஎம். இரண்டும் ஒரே பாதையில் வருபவை. உடலுக்குள் போன டிஎம்ஹெச் அசோமீத்தேனாக மாறும், அது ஏஓஎம் ஆகும், அது மீத்தைலசாக்ஸிமீத்தனால் ஆகும். இந்தக் கடைசிப் பொருள் தானாகவே உடைந்து, டிஎன்ஏவில் மீத்தைல் தொகுதியை ஒட்டிவிடும். டிஎன்ஏ எழுத்துகளில் ஜி எனப்படும் குவானினின் ஆறாம் இடத்து ஆக்ஸிஜனில் போய் ஒட்டினால் ஆபத்து. அடுத்த முறை டிஎன்ஏ பிரதி எடுக்கும்போது ஜி இருந்த இடத்தில் ஏ வந்து உட்கார்ந்துவிடும். எலிக் கட்டிகளில் கே-ராஸ், பீட்டா-கேட்டனின் மரபணுக்களில் காணும் மாற்றங்களில் இந்த வகைதான் அதிகம்.

இப்போது கல்லீரலுக்கு வருகிறேன். ஏஓஎம்மை அடுத்த படிக்குத் தள்ளும் முக்கிய நொதி சிஒய்பி2இ1. அது மிகுதியாக இருப்பது கல்லீரலில். அந்த நொதி இல்லாமல் பிறக்க வைத்த சுண்டெலிகளுக்கு ஏஓஎம் கொடுத்தால் குடலில் வரும் ஆரம்பப் புண்கள் குறைந்துவிடுகின்றன. டைசல்ஃபிராம் என்ற மருந்தைக் கொடுத்து இந்த மாற்றத்தைத் தடுத்தாலும் கட்டி குறைகிறது என்று 1970களிலேயே காட்டிவிட்டார்கள். ஆக, குடலுக்கு வரும் விஷத்தின் அளவைத் தீர்மானிப்பதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. அந்தக் கல்லீரலும் அடி வாங்காமல் தப்புவதில்லை. ஊசி போட்ட வாரத்தில் எலி எடை இறங்குவதைத் தராசில் பார்த்திருக்கிறேன். ட்ரைகிளிசரைடைச் சுமந்து ரத்தத்தில் ஓடும் விஎல்டிஎல் துகள்களைப் பெரும்பாலும் செய்து அனுப்புவது இதே கல்லீரல்தான். இனி நீங்களே முடிச்சுப் போட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டினி, கொழுப்பு மிகுந்த தீவனம், கீட்டோன் ஏறிய நிலை, இவையெல்லாம் சிஒய்பி2இ1 அளவை உயர்த்தும். ஊசி போடும் நேரத்திலேயே எலிக்குக் கொழுப்புத் தீவனம் போய்க்கொண்டிருந்தால், எல்லா எலிக்கும் ஒரே மில்லிகிராம் ஏற்றியிருந்தாலும் உள்ளே வேலை செய்யும் அளவு ஒன்றாக இருக்காது. கவனமான ஆய்வகங்கள் கடைசி ஊசி முடிந்து சில நாள் பொறுத்துத்தான் தீவனத்தை மாற்றும். நீங்கள் படித்த கட்டுரையில் தீவனத்தை எப்போது மாற்றினார்கள் என்று முதலில் பாருங்கள்.

இந்த ரசாயனப் பாதையின் பூர்வீகம் சைக்கஸ் மரம். அதன் விதையில் சைக்காசின் என்ற பொருள் இருக்கிறது. சைக்கஸ் மாவு தின்ற எலிகளுக்குக் கட்டி வருவதை லாக்கர் குழு 1963இல் வெளியிட்டது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிக்கு அதே சைக்காசினைக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து சர்க்கரையைப் பிரித்து விஷத்தை, அதாவது மேலே சொன்ன அதே மீத்தைலசாக்ஸிமீத்தனாலை, வெளியே விடுவது குடல் பாக்டீரியாதான். கேட்ட கேள்விக்கு இது தேவையில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 6

"எலியின் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியது" என்று எழுதியவருக்கு: எலியிலும் சுண்டெலியிலும் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல்லில்தான் இருக்கும். எச்டிஎல்லில் இருந்து கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் பக்கம் கொலஸ்ட்ராலை மாற்றிவிடும் சிஇடிபி என்ற புரதம் அவற்றுக்குக் கிடையாது. எலிக்குப் பித்தப்பையும் இல்லை. மனித லிப்பிட் அறிக்கையைப் படிக்கும் கண்ணோடு எலி அட்டவணையைப் படித்தால் பாதி வரி பொய்யாகப் போய்விடும். நம் அளவுகோலில் பார்த்தால் சாதாரண ஆய்வக எலி நல்ல கொலஸ்ட்ராலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கும்.

பிப்ரவரி 9

ரத்தம் எடுக்கும் கதையைச் சொல்லச் சொன்னீர்கள்.

எலி இரவில் தின்னும். காலையில் போய் ரத்தம் எடுத்தால் வயிறு நிறைந்த எலியின் ரத்தம். சீரத்தைப் பிரித்தால் சில குழாய்களில் பால் நிறத்தில் நிற்கும், பக்கத்துக் குழாய் தெளிவாக இருக்கும். இரண்டும் ஒரே குழுவைச் சேர்ந்த எலிகளாக இருக்கும், ஒன்று விடியற்காலையில் தின்றது, மற்றது நள்ளிரவோடு நிறுத்தியது. இதைத் தவிர்க்க இரவு முழுக்கத் தீவனத்தை எடுத்துவிடுவார்கள். அது இன்னும் மோசம். மனிதன் இரவு சாப்பிடாமல் இருப்பது வேறு, இரவில் மட்டுமே தின்னும் சின்ன விலங்கை இரவு முழுக்கப் பட்டினி போடுவது வேறு. அதன் கல்லீரல் கிளைக்கோஜன் ஏறக்குறையத் தீர்ந்துவிடும், உடல் கொழுப்பு கரைந்து ரத்தத்துக்கு வந்துவிடும். அப்போது அளப்பது பட்டினியைத்தான்.

கட்டி உள்ள எலி குறைவாகத் தின்னும். கட்டி இல்லாத ஒப்பீட்டு எலி நன்றாகத் தின்னும். இரண்டின் ட்ரைகிளிசரைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "வேறுபாடு குறிப்பிடத்தக்கது" என்று எழுதினால் அது கட்டியின் வேறுபாடா, தீவனத்தட்டின் வேறுபாடா? நோயுற்ற எலி எவ்வளவு தின்றதோ அதே அளவை மட்டும் ஒப்பீட்டு எலிக்கும் போடும் முறை ஒன்று இருக்கிறது. தினமும் மிச்சத் தீவனத்தை எடை போட வேண்டும், யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குழு இல்லாத அட்டவணையை நான் நம்புவதில்லை.

நான் இருந்த இடத்தில் ஒருமுறை ஒரு குழுவின் ரத்தத்தைக் காலையிலும் மற்றக் குழுவின் ரத்தத்தை மதியத்துக்கு மேலும் எடுத்தோம். ஆள் பற்றாக்குறை. கட்டுரையில் அந்த நேர வித்தியாசம் ஏறவில்லை.

பிப்ரவரி 10

"அப்படியானால் எல்லாம் குப்பையா?" இல்லை. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். அது ரசாயனம் கொடுத்த எலியில் செய்தது இல்லை, கட்டியை அடக்கிவைக்கும் ஏபிசி மரபணு கெட்டுப் பிறந்த சுண்டெலியில் செய்தது. மனிதப் பெருங்குடல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் முதலில் கெடுவது அதே மரபணு.

டோக்கியோவில் உள்ள தேசியப் புற்றுநோய் மைய ஆய்வு நிறுவனத்தின் நிஹோ, முட்டோ குழு 2003இல் காட்டியது இது. இந்தச் சுண்டெலிகளுக்கு வயது ஏற ஏற ட்ரைகிளிசரைடு கடுமையாக ஏறுகிறது. லிப்போபுரோட்டீன் லைப்பேஸ், அதாவது ரத்தத்தில் வரும் ட்ரைகிளிசரைடை உடைத்துத் திசுவுக்குக் கொடுக்கும் நொதி, கல்லீரலிலும் குடலிலும் குறைந்திருக்கிறது. பயோகிளிட்டசோன், பெசாஃபைப்ரேட் கொடுத்தால் கொழுப்பும் இறங்குகிறது, குடல் பாலிப்பும், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சிறு கட்டியும் குறைகிறது. இரண்டும் பிபிஏஆர் என்ற ஏற்பியைத் தூண்டும் மருந்துகள். கொழுப்பு இறங்கியதால் பாலிப் குறைந்ததா, ஏற்பி நேரடியாகச் செல்லில் ஏதோ செய்ததா என்ற கேள்வி உடனே வரும். அவர்களுக்கும் வந்திருக்கிறது. 2005இல் பிபிஏஆர் பக்கமே போகாமல் அந்த லைப்பேஸை மட்டும் கூட்டும் என்ஓ-1886 என்ற பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் கொழுப்பும் இறங்கியது, பாலிப்பும் குறைந்தது.

தன் முடிவைத் தானே சந்தேகப்பட்டு அடுத்த சோதனை வைப்பதைத்தான் நான் ஆராய்ச்சி என்பேன். கடைசி நாள் சீரம் அட்டவணை இதன் பக்கத்தில் நிற்காது.

பிப்ரவரி 12

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "ஆக, கொழுப்புதான் காரணம் என்று ஒத்துக்கொண்டீர்கள்" என்று குதிக்கிறீர்கள். பொறுங்கள்.

எதிர்த் திசையிலும் பலமான சாட்சி இருக்கிறது. ட்ரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணி தொற்றிய முயல்கள் எலும்பும் தோலுமாக இளைத்துக்கொண்டிருக்கும்போதே அவற்றின் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு எகிறி நிற்பதை 1980இல் செராமி குழு கவனித்தது. தின்பது குறைவு, ரத்தத்தில் மட்டும் கொழுப்பு வழிகிறது. காரணத்தைத் தேடிப் போனபோது, லிப்போபுரோட்டீன் லைப்பேஸை அடக்கும் ஒரு பொருளை உடலின் பாதுகாப்புச் செல்கள் சுரப்பது தெரிந்தது. கேக்கெக்டின் என்று பெயர் வைத்தார்கள். 1985இல் பார்த்தால் அதுவும், டிஎன்எஃப் என்று வேறு ஆட்கள் துரத்திக்கொண்டிருந்த, அழற்சியின்போது சுரக்கும் பொருளும் ஒன்றுதான்.

அதாவது அழற்சி இருந்தாலே லைப்பேஸ் குறைந்து ட்ரைகிளிசரைடு ஏறலாம். வயதான ஏபிசி சுண்டெலி குடலில் பாலிப் நிறைந்து, ரத்தம் கசிந்து, சோகை பிடித்து இளைத்துப்போகும். அதன் ட்ரைகிளிசரைடு ஏற்றத்தில் ஒரு பங்காவது நோயின் விளைவாக இருக்கத்தானே வேண்டும்? விளைவாக ஏறிய கொழுப்பு திரும்ப வந்து கட்டிக்கும் உதவலாம். என்ஓ-1886 முடிவை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். நோய் கொழுப்பை ஏற்றுகிறது, கொழுப்பு நோயைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது.

பிபிஏஆர் கதையும் சுத்தமானது இல்லை. அதே வகை ஏற்பியைத் தூண்டும் மருந்துகள் ஏபிசி கெட்ட சுண்டெலிகளின் பெருங்குடலில் கட்டியைக் கூட்டின என்று 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. நிஹோ குழு குறைகிறது என்கிறது, இந்த இரண்டு குழுக்களும் கூடுகிறது என்கின்றன. மருந்து, அளவு, சுண்டெலி வகை, சிறுகுடலா பெருங்குடலா, எல்லாம் வேறு வேறு.

பிப்ரவரி 14

கொலஸ்ட்ராலைக் குறைத்தால் கட்டி குறையும் என்பவர்கள் கொலஸ்டிரமின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறும் பிசின் அது. இழந்த பித்த அமிலத்தை ஈடுகட்டக் கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கும். மனிதர்களுக்கு ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுத்த மருந்துதான். 1973இல் நிக்ரோ குழு ஏஓஎம் எலிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தது. குடல் கட்டி கூடியது. டிஎம்ஹெச் எலிகளில் செய்தவர்களும் அதையே பார்த்தார்கள்.

ஏன் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம் பித்த அமிலம். கொலஸ்டிரமின் அதைச் சிறுகுடலில் உறிஞ்சவிடாமல் பெருங்குடலுக்குத் தள்ளிவிடுகிறது. அங்கே பாக்டீரியா அதை டிஆக்ஸிகோலிக் அமிலம் போன்றவையாக மாற்றும். அவை குடல் சுவரைக் கிளறிச் செல்களைப் பெருக வைப்பவை. புற்றுநோய் ரசாயனம் கொடுத்த எலியின் குடலில் அவற்றையும் செலுத்தினால் கட்டி கூடும் என்று ரெட்டி, நாரிசாவா, வைஸ்பர்கர் ஆகியோர் 1970களில் காட்டியிருக்கிறார்கள்.

ரத்தத்தில் எண்ணைக் குறைக்கிறது மருந்து, குடலில் கட்டியைக் கூட்டுகிறது. கொலஸ்ட்ரால் எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்லாமல் கூடுதல், குறைவு என்று பேசி என்ன பயன்? செல்லுக்குள்ளே வேறு ஒரு கணக்கு ஓடுகிறது. குடலின் தண்டுச் செல்களில் கொலஸ்ட்ரால் உற்பத்தியை முடுக்கிவிட்டால் அவை வேகமாகப் பெருகுகின்றன என்று 2018இல் சுண்டெலியில் காட்டினார்கள். அதை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்காது.

பிப்ரவரி 15

கொலஸ்டிரமின் மாத்திரை, தூள் எதையும் நான் சொன்னேன் என்று யாரும் நிறுத்த வேண்டாம். சொன்னது எலிக்கு, அதுவும் புற்றுநோய் ரசாயனம் ஊசி போட்ட எலிக்கு.

பிப்ரவரி 19

இந்த இழை முழுக்க இன்சுலின் என்ற சொல்லை யாருமே எழுதவில்லை. என் கணிப்பில் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1994இல் மெக்கோன்-ஐசன் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை வைத்தார். பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணம் என்று சொல்லப்படும் உணவுப் பழக்கங்களைப் பார்த்தால், அவையே ட்ரைகிளிசரைடையும் ரத்தச் சர்க்கரையையும் ஏற்றுபவை, ஆகவே அவற்றைக் கவனியுங்கள் என்றார். அடுத்த ஆண்டே ஜோவனூச்சி என்ற இன்னோர் ஆய்வாளர் இன்சுலினைச் சுட்டினார். அப்புறம் எலியில் சோதனை தொடங்கியது. ஏஓஎம் கொடுத்த எலிக்கு இன்சுலின் ஊசி போட்டுவந்தால் கட்டி கூடியது, 1996. கொழுப்புத் தீவனம் தின்று இன்சுலினுக்கு மசியாமல் போன எலிக்குக் குடலில் ஆரம்பப் புண்கள் கூடின, 1997.

இத்தனைக்கும் ட்ரைகிளிசரைடும் இன்சுலினும் சேர்ந்தே ஏறும். எது வேலை செய்கிறது? 2006இல் டொராண்டோவில் டிரான் குழு இதைப் பிரித்துப் பார்த்தது. எலிக்குச் சில மணி நேரம் நரம்பு வழியாக ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். இன்சுலின் ஏறியபோது பெருங்குடல் செல்கள் கூடுதலாகப் பெருகின. இன்சுலின் ஏறாமல் கொழுப்பையோ சர்க்கரையையோ மட்டும் உயர்த்தியபோது பெருகவில்லை.

சில மணி நேரச் செல் பெருக்கத்தை வைத்துப் பல மாதம் வளரும் கட்டியைப் பற்றித் தீர்ப்பு எழுத முடியாதுதான். அதனால் என்ஓ-1886 முடிவை இது அடித்துவிடவில்லை. ஆனால் ஏஓஎம் எலிகளில் ட்ரைகிளிசரைடு ஏறியிருப்பதைப் பார்த்தால் இப்போது நான் முதலில் கேட்பது "இன்சுலின் எவ்வளவு?" என்றுதான். பெரும்பாலான அட்டவணைகளில் அந்த வரியே இருக்காது. கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு பார்க்கும் கிட் மலிவு, எலி இன்சுலின் பார்க்கும் கிட் விலை அதிகம். அறிவியல் காரணம் தேடாதீர்கள்.

பிப்ரவரி 20

ஆரம்பப் புண் என்று நான் சொல்வதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது என்று கேட்டார் ஒருவர். பெருங்குடலை நீளவாக்கில் வெட்டி, கழுவி, வடிதாள்களுக்கு நடுவே தட்டையாக வைத்து ஃபார்மலினில் போட வேண்டும். பிறகு மெத்திலீன் நீலத்தில் நனைத்து நுண்ணோக்கியில் வைத்தால் கிரிப்ட் எனப்படும் நுண்குழிகள் வரிசையாகத் தெரியும். சில இடத்தில் அந்தக் குழிகள் பெரிதாக, வாய் நீண்டு, அடர்நீலமாக, மட்டத்தைவிட மேலே எழும்பி நிற்கும். அதுதான் பிறழ்ந்த கிரிப்ட் திட்டு. ரஞ்சனா பேர்ட் 1987இல் விவரித்த முறை. கட்டி வர ஏழெட்டு மாதம் காத்திருக்காமல் சில வாரத்திலேயே எண்ணிவிடலாம் என்பதால் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

எண்ணுகிறவருக்கு எந்தக் குழு எலி என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கை தானாகவே ஒரு பக்கம் சாயும். மாலை நேரத்தில் எண்ணினால் எனக்கு எல்லாமே பிறழ்ந்த மாதிரிதான் தெரியும்.

பிப்ரவரி 26

"எலியை விடுங்கள், மனிதனுக்கு வாருங்கள்."

வந்தால் ஏமாற்றம்தான். 1974இல் ஜெஃப்ரி ரோஸ், ஆன்செல் கீஸ் உள்ளிட்டோர் பல நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஆரம்பக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்திருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. குறைவாக இருந்தது! குறைந்த கொலஸ்ட்ரால் புற்றுநோய் தருமா என்று ஒரு தலைமுறையே பயந்தது. பின்னாளில் வந்த விளக்கம், கண்ணுக்குத் தெரியாமல் வளரும் புற்றுநோயே கொலஸ்ட்ராலைக் குறைத்துவிடலாம் என்பது. ரத்தம் எடுத்த முதல் சில ஆண்டுகளில் நோய் கண்டவர்களைக் கணக்கிலிருந்து எடுத்தால் அந்தத் தொடர்பு வலுவிழக்கிறது. கடைசி நாள் ரத்தப் பிரச்சினை மனித வடிவில்.

நடுவில் குளோஃபைப்ரேட் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்தின் சோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் 15,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்து, 1978இல் வெளியானது. கொலஸ்ட்ரால் இறங்கியது, மாரடைப்பும் குறைந்தது, ஆனால் இதயம் சாராத காரணங்களால் சாவு கூடியது. கல்லீரல், பித்தப்பை, குடல் நோய்கள் அதில் பேசப்பட்டன. மருந்தை நிறுத்திய பிறகு அந்த மிகைச் சாவு தொடரவில்லை.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் கதை எதிர்ப்பக்கம். 2005இல் இஸ்ரேலில் நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் 47 சதவீதம் குறைவு என்றது. எல்லோரும் துள்ளினார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த 27 சோதனைகளைச் சேர்த்து, ஏறக்குறைய 1,75,000 பேரை 2012இல் பார்த்தபோது ஸ்டாட்டின் புற்றுநோயைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தச் சோதனைகள் ஓடியது சில ஆண்டுகள். பெருங்குடலில் பாலிப் புற்றாக மாறப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். ஆகவே கதவு முழுக்கச் சாத்தவில்லை, ஆனால் 47 சதவீதம் எல்லாம் கிடையாது.

மார்ச் 2

எண்ணெய் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஏஓஎம் எலிகளில் சோள எண்ணெயும் மாட்டுக்கொழுப்பும் மிகுந்த தீவனம் கட்டியைக் கூட்டியது. மீன் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் அதே அளவில் கொடுத்தபோது கூட்டவில்லை. ரெட்டி குழுவின் நீண்டநாள் வேலை இது. சோள எண்ணெயும் மீன் எண்ணெயும் ரத்தக் கொலஸ்ட்ராலைக் கூட்டுபவை என்ற பெயர் எடுத்தவை இல்லை, இருந்தும் கட்டி விஷயத்தில் எதிர் எதிராக நிற்கின்றன. ரத்த எண் வழிகாட்டாத இன்னோர் இடம்.

மார்ச் 11

ஒரு மாணவி தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார், ஏஓஎம் எலிகளில் லிப்பிட் அளக்கப் போகிறாராம், என்ன செய்யலாம் என்று. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதல் ஊசிக்கு முன் ஒரு முறை ரத்தம் எடுங்கள். கடைசி ஊசி முடிந்து கல்லீரல் தேறிய பிறகு ஒரு முறை. திட்டுகள் தெரியத் தொடங்கும் சமயத்தில் ஒரு முறை. கடைசியில் ஒரு முறை. கட்டி வருவதற்கு முன் எந்த எலிக்குக் கொழுப்பு ஏறியதோ அந்த எலிக்கே பின்னால் கட்டி அதிகமா என்று அப்போதுதான் கேட்க முடியும். குழுச் சராசரி அதைச் சொல்லாது, ஒவ்வோர் எலியின் எண்ணும் வேண்டும், ஆகவே காதில் அடையாளம் போடுங்கள். ஊசி போட்டும் கட்டி வராத எலிகளைத் தனியாகப் பாருங்கள், ரசாயனம் செய்த கலக்கத்தையும் கட்டி செய்த கலக்கத்தையும் பிரிக்க அவைதான் இருக்கின்றன. கல்லீரல் நொதிகளை அளக்கவும், சேர்ந்தே தீவன அளவை ஈடுகட்டிய ஒப்பீட்டுக் குழுவையும் வைக்கவும். இரவு முழுக்கப் பட்டினி போடாமல் காலையில் நாலைந்து மணி நேரம் மட்டும் தீவனத்தை எடுத்துவிட்டு, எல்லாக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுங்கள். பணம் இருப்பது ஒன்றுக்குத்தான் என்றால் மொத்தக் கொலஸ்ட்ராலை விட்டுவிட்டு இன்சுலினை அளங்கள்.

டிஎம்ஹெச்சுக்கு மாறச் சொன்னால் காற்றோட்டத்தை முதலில் பாருங்கள். ஊசி போட்ட எலி அசோமீத்தேனை மூச்சில் வெளியே விடும், கூண்டு மூடியில் முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள். வால் சிரையில் ரத்தம் வரவில்லை என்றால் வாலைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான நீரில் வைத்துவிட்டு மறுபடி குத்துங்கள்.